கூட்டு ஒப்படைக்கு விக்கியா, வலைப்பதிவா? 1978 சூறாவளி பற்றிய பாடசாலைச் செயற்றிட்டம் தொடர்பான வினா

படுவான்கரை ஆசிரியை:

அன்பின் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையிலுள்ள பாடசாலையொன்றில் தரம் 10 மாணவர்களுக்குப் புவியியல் கற்பித்து வருகின்றேன். 1978 நவம்பர் 23 ஆம் திகதி இரவு எமது மாவட்டத்தைத் தாக்கிய சூறாவளியைப் பற்றி, மாணவர்கள் தத்தம் ஊரிலுள்ள முதியவர்களிடம் கேட்டறிந்து ஒன்றாக எழுதும் செயற்றிட்டமொன்றை அடுத்த தவணையில் நடத்த விரும்புகின்றேன். அன்று இளைஞராக இருந்தவர்கள் இன்று அறுபது வயதைக் கடந்துவிட்டார்கள். இன்னும் சில ஆண்டுகள் பொறுத்தால் கேட்பதற்கு ஆளிருக்காது என்ற கவலை எனக்குண்டு. கொக்கட்டிச்சோலை, மகிழடித்தீவு, முதலைக்குடா, அம்பிளாந்துறை எனப் பல ஊர்ப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் இருப்பது இதற்கு நல்ல வாய்ப்பாகும்.

குழு ஒப்படைகளில் வழமையாக நடப்பது உங்களுக்குத் தெரியும். கையெழுத்து அழகான ஒரு பிள்ளை முழுவதையும் எழுதும். ஏனையோரின் பெயர்கள் முன்னட்டையில் மட்டும் இருக்கும். வட்ஸ்அப் குழுவில் எழுதச் சொன்னால் நல்ல தகவல்களும் காலை வணக்கங்களுக்கிடையே புதைந்து, இரண்டு நாட்களில் தேடியெடுக்க முடியாதவையாகி விடுகின்றன. ஆகவே எவரும் திறந்து எழுதித் திருத்தக்கூடிய பக்கங்களாலான விக்கியோ, வலைப்பதிவோ இதற்கு உதவுமா என்று சிந்திக்கின்றேன்.

எமது கணினிக் கூடத்தில் இயங்கும் கணினிகள் சிலவே. இணைய இணைப்பும் நிலையானதன்று. வீட்டில் பெரும்பாலான பிள்ளைகள் பெற்றோரின் கைத்தொலைபேசியையே நம்பியுள்ளனர். விக்கியில் எவரும் எதையும் மாற்றலாம் என்றால் ஒருவர் எழுதியதை இன்னொருவர் அழித்துவிட மாட்டாரா என்று அதிபர் கேட்கின்றார். அந்தக் கேள்வி எனக்கும் நியாயமாகவே படுகின்றது. இவற்றில் எதைத் தெரிவு செய்யலாம், எப்படித் தொடங்கலாம் என்று அனுபவமுள்ளவர்கள் கூறினால் பேருதவியாக இருக்கும்.

வந்தாறுமூலை வாசகர்:

வணக்கம் ஆசிரியை அவர்களே. ஆசிரியர் பயிற்சியில் இவ்விரண்டையும் பல தொகுதி மாணவர்களோடு பயன்படுத்திப் பார்த்தவன் என்ற வகையில் எழுதுகின்றேன். எந்தக் கருவி என்பதை முடிவு செய்வதற்கு முன்னர், பிள்ளைகள் எழுதப்போவது பலரின் பல பதிவுகளா அல்லது பலர் சேர்ந்து கண்டடைய வேண்டிய ஒரே விடையா என்பதை முடிவு செய்யுங்கள். வலைப்பதிவில் ஒவ்வோர் இடுகைக்கும் எழுதியவரும் திகதியும் உண்டு. மற்றவர்கள் அதன் கீழே கருத்துச் சொல்லலாமே தவிர உள்ளே கை வைப்பதில்லை. விக்கிப் பக்கத்துக்குச் சொந்தக்காரர் இல்லை. நான் எழுதிய வசனத்தை நீங்கள் திருத்தலாம், நீங்கள் திருத்தியதை இன்னொருவர் நீட்டலாம், ஒவ்வொரு மாற்றமும் எழுதியவரின் பெயரோடும் நேரத்தோடும் வரலாற்றுப் பகுதியில் பதிவாகும். வார்ட் கன்னிங்காம் 1995 மார்ச் 25 இல் முதலாவது விக்கியை இணையத்தில் வைத்ததும், மென்பொருள் எழுதுவோர் தம் வடிவமைப்பு அனுபவங்களை ஒரே இடத்தில் சேர்ந்து எழுதித் திருத்திக்கொள்வதற்காகவே.

உங்கள் தலைப்பு விக்கிக்கு ஏன் பொருந்தும் என்பதற்குக் காற்றின் திசையையே எடுத்துக்கொள்வோம். சூறாவளியின் மையம் ஓரூரின் மேலாகக் கடந்தால், அவ்வூரில் காற்று முதலில் ஒரு திசையிலிருந்து கடுமையாக வீசி, பின்னர் சிறிது நேரம் அடங்கி, அதன் பிறகு எதிர்த்திசையிலிருந்து மீண்டும் வீசும். மையம் தொடாத ஊரில் அந்த அடக்கம் இராது. காற்றின் திசை மட்டும் படிப்படியாகத் திரும்பும். வட அரைக்கோளத்தில் சூறாவளிக் காற்று மணிக்கூட்டு முட்களுக்கு எதிராகச் சுழல்வதால், கிழக்கிலிருந்து மேற்காக நகரும் சூறாவளியின் பாதைக்கு வடக்கேயுள்ள ஊரில் காற்று வடக்கு, கிழக்கு, தெற்கு என்ற ஒழுங்கிலும், பாதைக்குத் தெற்கேயுள்ள ஊரில் வடக்கு, மேற்கு, தெற்கு என்ற ஒழுங்கிலும் திரும்பும்.

இனி, ஓரூர் முதியவர் “நடுவிலே காற்று நின்றது, எல்லாம் முடிந்ததென்று வெளியே வந்தோம்” என்று சொல்லக்கூடும். இன்னோரூர் முதியவர் “விடியும்வரை காற்று நிற்கவேயில்லை” என்று சொல்லக்கூடும். தனித்தனி ஒப்படைகளில் இவை இரண்டும் ஒன்றையொன்று சந்திக்காமலே புள்ளி வாங்கிக்கொண்டு போய்விடும். ‘காற்று’ என்ற ஒரே விக்கிப் பக்கத்தில் இரண்டு பிள்ளைகளும் எழுத நேரும்போது முரண்பாடு உடனே கண்ணுக்குத் தெரியும். யார் சொன்னது சரி என்ற வாதம், அந்தப் பக்கத்தைப் பற்றிக் கலந்துரையாடுவதற்கான உரையாடற் பக்கத்தில் எழும். இருவரும் உண்மையே சொல்லியிருக்கலாம் என்றும், வேறுபாடு ஊர்களின் அமைவிடத்தால் வந்தது என்றும் பிள்ளைகள் தாமே கண்டுபிடிக்கும் அந்த இடத்தில்தான் உங்கள் புவியியற் பாடம் நடக்கின்றது. போதிய ஊர்களின் நினைவுகள் சேர்ந்தால் மையம் எவ்வழியாகப் போயிருக்கும் என்று ஒரு படமே வரைந்து பார்க்கலாம். நினைவுகள் பிசகும் என்பதால் ஓர் ஊரில் ஒருவரோடு நிற்காமல் சிலரிடம் கேட்கச் சொல்லுங்கள். முதியவர்கள் வாடை (வடகாற்று) என்றும் கச்சான் (மேல்காற்று) என்றும் கடற்பக்கம் என்றும் சொல்வதை அப்படியே குறித்துக்கொண்டு, திசையை அந்த வளவிலேயே நின்று கையால் காட்டச் சொல்லி உறுதிப்படுத்த வேண்டும்.

இதனால் பக்கங்களை ஊர்வாரியாகப் பிரித்துக் கொடுக்காதீர்கள் என்பதை வலியுறுத்துகின்றேன். ஒரு பிள்ளைக்கு ஓரூர்ப் பக்கம் என்று கொடுத்தால் எவரும் மற்றவரின் பக்கத்தைத் திறந்தும் பார்க்க மாட்டார்கள். பழைய ஒப்படையே திரையில் வந்து நிற்கும். காற்று, வாவியும் வெள்ளமும், வீடுகளும் தென்னந்தோட்டங்களும், அன்றிரவு அடைக்கலம் புகுந்த இடங்கள், அதன் பின்வந்த மாதங்கள் எனப் பொருள்வாரியாகப் பக்கங்களை அமைத்தால் ஒவ்வொரு பக்கத்துக்கும் எல்லா ஊர்ப் பிள்ளைகளும் தேவைப்படுவார்கள்.

அதிபரின் அச்சத்துக்கு விடை வரலாற்றுப் பகுதியிலேயே உண்டு. அழிக்கப்பட்டது எதுவும் தொலைவதில்லை; முந்திய நிலைக்கு ஓரிரு சொடுக்கில் மீட்கலாம்; அழித்தவரின் பெயரும் அங்கேயே இருக்கும். அவருக்கு இதை வாயாற் சொல்வதைவிட, அவர் முன்னிலையில் ஒரு பக்கத்தை அழித்து மீட்டுக் காட்டுங்கள். என் அனுபவத்தில் உண்மையான இடர் இதற்கு நேர்மாறானது. எமது பிள்ளைகள் மற்றவரின் எழுத்தைத் திருத்தவே மாட்டார்கள். அது மரியாதைக் குறைவு என்ற எண்ணமும், கெட்டிக்காரப் பிள்ளை எழுதியதில் நாம் எப்படிக் கை வைப்பது என்ற தயக்கமும் ஆழமாக இருக்கின்றன. முதற் பாடவேளையில் ஒவ்வொருவரும் இன்னொருவரின் பக்கத்தில் ஓர் எழுத்துப் பிழையை மட்டும் திருத்த வேண்டும், அடுத்த பாடவேளையில் ஒரு தகவலைச் சேர்க்க வேண்டும், அதன் பின்னரே ஒரு வசனத்தை மாற்றியெழுதி ஏன் மாற்றினேன் என்று உரையாடற் பக்கத்தில் சொல்ல வேண்டும் என்று படிப்படியாகப் பழக்குங்கள். இதற்குச் செலவிடும் நேரத்தை வீண் என்று எண்ணாதீர்கள்.

சம்மாந்துறை தொழினுட்ப ஆசிரியர்:

மேலே சொல்லப்பட்டதோடு உடன்படுகின்றேன். கணினிக் கூடத்தின் நிலையை வைத்துச் சில நடைமுறை விடயங்களை மட்டும் சேர்க்கின்றேன்.

இணையமே இல்லாமலும் விக்கி நடத்தலாம். டொக்குவிக்கி என்ற இலவச மென்பொருள் தரவுத்தளம் எதுவுமின்றி ஒவ்வொரு பக்கத்தையும் சாதாரண எழுத்துக் கோப்பாகவே சேமிக்கின்றது. பென்டிரைவிலிருந்தே இயங்கும் வடிவமும் அதற்குண்டு. கூடத்தில் ஒரு கணினியில் அதை இயக்கி, ஏனைய கணினிகளை ஒரு ரவுட்டர் மூலம் அதனோடு இணைத்துவிட்டால் உலாவியில் அந்தக் கணினியின் முகவரியைக் கொடுத்து எல்லோரும் எழுதலாம். பிள்ளைகள் தம் பெயரில் உள்நுழைந்தால் மட்டுமே எழுத முடியும் என்றும் அமைக்கலாம். பாடவேளை முடிந்ததும் முழுக் கோப்புறையையும் பிரதியெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மின்வெட்டையும் பழைய வன்தட்டையும் நம்ப முடியாது. தமிழில் பக்கப் பெயர் வைக்கும்போது அதைச் சுருக்கமாக வையுங்கள். கோப்பின் பெயராகும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் ஒன்பது எழுத்தாக நீள்வதால், நீண்ட தலைப்பு விண்டோஸ் ஏற்கும் எல்லையைத் தாண்டி, பக்கம் சேமிக்கப்படாமற் போகும். ‘காற்று’, ‘வெள்ளம்’ என்ற அளவில் இருந்தால் சிக்கலில்லை.

ஒருவர் ஒரு பக்கத்தைத் திருத்திக்கொண்டிருக்கும்போது டொக்குவிக்கி அதை மற்றவர்களுக்குப் பூட்டி வைக்கும். மூடில் என்ற இணையவழிக் கற்றல் தளத்திலுள்ள விக்கியும் அப்படித்தான். விக்கிப்பீடியா இயங்கும் மீடியாவிக்கி பூட்டுவதில்லை. இருவர் ஒரே பகுதியை ஒரே நேரத்தில் திருத்தினால், பிந்திச் சேமிப்பவருக்குத் தொகுத்தல் முரண்பாடு என்று காட்டி அவரையே இணைக்கச் சொல்லும். கணினிகள் குறைவான கூடத்துக்குப் பூட்டும் முறையே நிம்மதியானது.

எழுத்துரு விடயத்தில் முதல் நாளே கவனமாக இருங்கள். எங்கள் பாடசாலைகளில் இன்னமும் பலர் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து பழகியவர்கள். அதை அப்படியே விக்கியில் ஒட்டினால் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும், தேடவும் முடியாது. ஒருங்குறியிலேயே (யூனிகோட்) எழுத வேண்டும். இலங்கையில் நியமமாக ஏற்கப்பட்ட ரெங்கநாதன் விசைப்பலகையைப் பழக்கலாம்; பாமினி விசையமைப்பிலேயே தட்டச்சு செய்து ஒருங்குறியைப் பெறும் கருவிகளும் உண்டு.

சிலர் நேரடியாகத் தமிழ் விக்கிப்பீடியாவிலேயே பிள்ளைகளை எழுத வைக்கச் சொல்வார்கள். 2003 இல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் மீது எனக்கு மிகுந்த மதிப்புண்டு; ஆனால் இந்தச் செயற்றிட்டத்துக்கு அது உரிய இடமன்று. ஏற்கெனவே வெளியான நம்பகமான மூலங்களில் உள்ளதையே அங்கே எழுதலாம். பிள்ளை தன் அம்மம்மாவிடம் கேட்டறிந்த புதிய தகவலை அங்கே சேர்த்தால் நீக்கிவிடுவார்கள். அது அவர்களின் கொள்கை, அதில் தவறுமில்லை. பின்னொரு நாளில் அச்சில் வந்தவற்றை வைத்து அங்கு எழுத விரும்பினால், 2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற மின்னூலகத்தில் ஈழத்துப் பழைய நூல்களையும் பத்திரிகைகளையும் தேடலாம். அதுவும் மீடியாவிக்கியில் இயங்குவதால் பிள்ளைகளுக்குப் பழகிய தோற்றமாகவே இருக்கும். அப்போது ஒன்றை மறக்காதீர்கள்: விக்கிப்பீடியாவில் ஒரே இணைய இணைப்பிலிருந்து ஒரு நாளில் ஆறு கணக்குகள் வரையே உருவாக்க முடியும். முழு வகுப்பையும் கூடத்தில் இருத்தி ஒரே நேரத்தில் கணக்குத் தொடங்கச் சொன்னால் ஏழாவது பிள்ளையிலிருந்து எல்லோருக்கும் மறுக்கப்படும்.

காரைதீவு தமிழாசிரியர்:

விக்கியின் பயனை நான் மறுக்கவில்லை. ஆயினும் அதை முதலிலேயே கையில் கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. முதியவர் ஒருவர் அந்த இரவைப் பற்றிச் சொல்லும்போது அவர் தருவது தகவல் மட்டுமன்று. எந்த இடத்தில் நிறுத்தினார், எந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார், பிள்ளைகளை எந்த மரத்தின் அடியிலோ எந்தக் கோயில் மண்டபத்திலோ அணைத்து வைத்திருந்தார் என்பதெல்லாம் அவருக்கே உரிய வாக்குமூலம். அதைப் பத்துப் பிள்ளைகள் விக்கியில் திருத்தத் தொடங்கினால், ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த பாடநூல் தமிழுக்கு அதை இழுப்பார்கள். இறுதியில் “பலத்த காற்று வீசியதால் பாரிய சேதம் ஏற்பட்டது” என்ற உயிரற்ற வசனமே எஞ்சும். மட்டக்களப்புத் தமிழின் வளத்தை அறிந்தவர்கள் இந்த இழப்பைச் சாதாரணமாக எண்ண மாட்டார்கள்.

ஆகவே முதலில் வலைப்பதிவு வேண்டும். ஒவ்வொரு பிள்ளையும் தான் கேட்டதைத் தன் பெயரில், முதியவரின் பேச்சு மாறாமல் ஓர் இடுகையாக எழுதட்டும். பதினைந்து வயதுப் பிள்ளைக்குத் தன் பெயரோடு வெளிவரும் ஓர் எழுத்து தரும் பொறுப்புணர்வை வேறெதுவும் தராது. வேர்ட்பிரஸ் என்ற வலைப்பதிவு மென்பொருளில் பிள்ளைகளைப் பங்களிப்பாளர் என்ற நிலையில் சேர்த்தால் அவர்கள் எழுதலாம். ஆனால் நீங்கள் பார்த்து அனுமதித்த பின்னரே அது வெளியாகும். முந்திய திருத்தங்களும் சேமிக்கப்படும். புளொக்கர் என்ற வலைப்பதிவுச் சேவை இலகுவானது, ஒரு வலைப்பதிவில் நூறு பேர்வரை சேர்க்கலாம், அழைக்கப்பட்டவர்கள் மட்டும் வாசிக்குமாறும் அமைக்கலாம். ஆனால் அதில் இடுகையின் பழைய வடிவங்கள் காக்கப்படுவதில்லை. பங்களிக்கும் பிள்ளை உங்கள் அனுமதியின்றியே வெளியிடவும் முடியும்.

கருத்துரைகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். விட்டுவிட்டால் “அருமை”, “வாழ்த்துகள்” என்பவற்றால் பக்கம் நிறையும். ஒவ்வொரு கருத்துரையும் எழுதியவர் அந்த முதியவரிடம் திரும்பிச் சென்று கேட்கக்கூடிய ஒரு கேள்வியாக இருக்க வேண்டும் என்று விதியுங்கள். வாவி நீர் படிக்கட்டுவரை வந்ததா, வளவுவரை வந்ததா என்று வகுப்புத் தோழன் கேட்டால் பிள்ளை மறுநாளே அந்தத் திண்ணைக்குப் போகும். பதிவும் வளரும், முதியவருக்கும் தம் சொல்லை யாரோ கேட்கிறார்கள் என்ற நிறைவு கிடைக்கும்.

படுவான்கரை ஆசிரியை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வந்தாறுமூலை சேர் கூறிய காற்றின் திசை பற்றிய விளக்கம் என் செயற்றிட்டத்தின் நோக்கத்தையே தெளிவாக்கிவிட்டது. காரைதீவு ஐயா சொன்ன அச்சமும் உண்மையானது. ஆகவே வாக்குமூலங்களைத் திருத்தப்படாத தனிப் பதிவுகளாக வைத்து, அவற்றைச் சான்றாகக் காட்டி விக்கிப் பக்கங்களை எழுதச் செய்யலாம் என்று எண்ணுகின்றேன். இணையம் இல்லாத நிலையில் இரண்டையும் கூடத்திலுள்ள டொக்குவிக்கியிலேயே வைத்து, வாக்குமூலப் பக்கங்களை எழுதியவரும் நானும் மட்டும் திருத்துமாறு அமைப்பதே வசதியாக இருக்கும். கேள்விகளைத் தனிப் பக்கமொன்றில் எழுதச் சொல்வேன். பாடசாலை மட்டக் கணிப்பீட்டுக்குப் புள்ளி வழங்குவது எப்படி என்பதே இப்போது எஞ்சியிருக்கும் கேள்வி. வரலாற்றுப் பகுதியில் ஒவ்வொருவரும் எவ்வளவு சேர்த்தார் என்று எண்ணாகக் காட்டுகின்றதே, அதை வைத்துப் புள்ளியிடலாமா?

வந்தாறுமூலை வாசகர்:

அந்த எண்ணை வைத்துப் புள்ளியிட வேண்டாம். அங்கே காட்டப்படுவது பைட் அளவு, அதாவது எழுத்து கணினியில் பிடிக்கும் இடம். ஆங்கில எழுத்து ஒரு பைட் என்றால் தமிழில் ‘க’ மூன்று பைட், ‘கொ’ ஆறு பைட். ஆகவே அது எழுத்துகளின் தொகையைக்கூடச் சரியாகக் காட்டுவதில்லை. அதைவிட முக்கியமாக, நீண்ட பந்தியை ஒட்டிய பிள்ளை முன்னணியில் நிற்க, ஒரே விடயம் இரண்டு இடத்தில் வந்திருப்பதைக் கண்டு ஒன்றை நீக்கிய பிள்ளைக்குக் கழித்தல் எண் விழும். பின்னையதே நல்ல கூட்டெழுத்து வேலை.

வரலாற்றில் இரண்டு நிலைகளை ஒப்பிட்டுக் காட்டும் வசதி உண்டு. அதைத் திறந்து மாற்றத்தின் தன்மையைப் பாருங்கள். ஒவ்வொரு பிள்ளையும் தான் செய்தவற்றில் மிகச் சிறந்தவை என்று கருதும் மூன்று திருத்தங்களைத் தெரிவு செய்து, ஒவ்வொன்றையும் ஏன் செய்தேன் என்று சில வரிகளில் எழுதித் தரட்டும். நீங்கள் அந்த மூன்றையும் வரலாற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். எல்லா மாற்றங்களையும் வாசிக்க ஆசிரியருக்கு நேரம் கிடையாது. மற்றவரின் எழுத்தில் செய்த திருத்தம் ஒன்றாவது அவற்றில் இருக்க வேண்டும் என்று நிபந்தனை வையுங்கள். முடிந்த பக்கத்துக்குக் குழுப்புள்ளி, தெரிவு செய்த திருத்தங்களுக்கும் வாக்குமூலப் பதிவுக்கும் தனிப்புள்ளி என்று பிரித்தால் யாரும் பெயரை மட்டும் கொடுத்து ஒதுங்க முடியாது. இந்தப் புள்ளித்திட்டத்தை முதல் நாளே பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள். ஒரு கணினியில் இரண்டு பிள்ளைகள் இருக்கும்போது முன்னவர் வெளியேறாமல் பின்னவர் எழுதிவிட்டால் வரலாறு முழுவதும் ஒருவர் பெயரிலேயே போய்ச் சேரும். எழுந்து போகும்போது வெளியேறும் பழக்கத்தையும் ஏற்படுத்துங்கள்.

கல்முனை வாசகி:

கற்பித்தல் முறையைப் பற்றி மேலே உள்ளவர்கள் சொல்லிவிட்டார்கள். முதியவர்களின் அனுமதியைப் பற்றி மட்டும் சொல்ல விரும்புகின்றேன். அந்தச் சூறாவளியில் பிள்ளையையோ துணையையோ இழந்தவர்கள் எமது ஊர்களில் இருக்கின்றார்கள். 2004 டிசம்பர் 26 இன் கடற்கோளிலும் போரிலும் இழந்தவர்களும் அவர்களுள் உண்டு. ஒன்றைக் கேட்கப்போய் மற்றொன்றும் வெளிவரும். கேட்பதை எங்கே நிறுத்த வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிக் கொடுங்கள். பதிவு செய்வதற்கு முன்னர் அனுமதி கேட்பதோடு, எழுதி முடித்த பின்னர் முதியவருக்கு அதை வாசித்துக் காட்டி, பெயரை இடலாமா, எந்தப் பகுதியை விட வேண்டும் என்று இரண்டாம் முறையும் கேட்க வேண்டும். விக்கியில் பழைய வடிவங்கள் அழியாமல் இருப்பது மற்ற எல்லாவற்றுக்கும் நன்மையானது. இந்த ஒன்றுக்கு மட்டும் ஆபத்தானது. முதியவர் நீக்கச் சொன்ன வசனம் பக்கத்தில் மறைந்தாலும் வரலாற்றில் இருந்துகொண்டேயிருக்கும். ஆகவே வாக்குமூலத்தை முதலில் கொப்பியில் எழுதி, வாசித்துக் காட்டி, அவர் சம்மதித்த பின்னரே கணினியில் ஏற்றுங்கள்.